கெஸலின் கியர் பெட்டியைக் கழற்றாதே

அன்புள்ள பிரபுவுக்கு,

சுமதியும் குழந்தையும் நலமா? இங்கே சித்திக்கு முழங்கால் வலி பரவாயில்லை.

முந்தாநாள் சேலத்திலிருந்து அண்ணி போன் செய்தார்கள். ஈரோட்டில் அந்த ஸ்டாண்டர்டு கெஸல் காரை நீ வாங்கியது எனக்குத் தெரியும், போட்டோவும் அனுப்பியிருந்தாய். ஆனால் பெர்சனல் லோன் போட்டு வாங்கினாய் என்பதும், இன்ஜினையும் கியர் பெட்டியையும் இறக்கிவிட்டு மாருதி இன்ஜினும் ஆட்டோமேட்டிக் கியரும் ஏற்றப் போகிறாய் என்பதும் அண்ணி சொல்லித்தான் தெரிந்தது. உன் பணம், உன் வண்டி. எது செய்தாலும் உன் இஷ்டம்தான். மெக்கானிக்குக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதை ஒரு தரம் படித்துவிடு.

ஆர்.சி.யில் 1977 என்று இருப்பதாகச் சொன்னாய். அதுதான் கெஸலின் கடைசி வருஷம். அதற்கப்புறம் ஸ்டாண்டர்டு கம்பெனி வேன் மட்டும் செய்துகொண்டிருந்தது. 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 வந்தது, 1988-ல் அதுவும் நின்றது. பெருங்களத்தூரில் ஆலை இருந்த இடத்தில் இன்று ஐ.டி. வளாகம் நிற்கிறது. கெஸல் ஓடிய காலத்திலேயே குறைவாகத்தான் செய்தார்கள். அதில் மிஞ்சியவற்றில் எத்தனை வண்டிக்கு டீசல் இன்ஜின் போட்டுக் கெடுத்தார்களோ! ஒரிஜினல் இன்ஜினோடும் கியரோடும் ஒன்று கிடைப்பதே அபூர்வம். அப்படிப்பட்டது உன் கைக்கு வந்திருக்கிறது.

அந்தக் கியரைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். அன்றைக்கு ரோட்டில் பார்த்ததெல்லாம் அம்பாசடரும் ஃபியட்டும்தான். இரண்டுக்கும் ஸ்டியரிங் கீழே கியர். கெஸலுக்கு முன் ஸ்டாண்டர்டு செய்த ஹெரால்டிலும், கெஸலிலும்தான் தரையிலிருந்து நிமிரும் குட்டைக் கம்பி, நாலு கியர். ஹெரால்டின் 948 சிசி இன்ஜினைக் கெஸலிலும் அப்படியே வைத்தார்கள். பின் ஆக்சிலைத்தான் மாற்றினார்கள். ஹெரால்டின் பின் சக்கரங்கள் தனித்தனியாக ஆடும். நம் ஆட்கள் குடும்பத்தையும் மூட்டையையும் ஏற்றினால் இரண்டும் கோணிக்கொள்ளும், மெக்கானிக்குகளுக்கும் அது பிடிபடவில்லை. அதனால் கெஸலுக்கு ஒரே உருட்டாக நேர் ஆக்சில் கொடுத்தார்கள். நம் ரோட்டுக்காக யோசித்துச் செய்த வண்டி அது.

முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது. வண்டி உருளும்போது முதல் கியரைத் திணித்தால் பல்லைக் கடிக்கும் சத்தம் வரும். அதைக் கேட்டுத்தான் கியர் பெட்டி போச்சு என்று உன் மெக்கானிக் சொல்லியிருப்பான். பெட்டி போகவில்லை. வண்டியை முழுதாக நிறுத்து. கிளட்சை மிதித்து, கம்பியை முதலில் இரண்டாம் கியர் பக்கம் லேசாகத் தொட்டுவிட்டு, பிறகு முதலுக்குத் தள்ளு. வெண்ணெய் மாதிரி இறங்கும். கம்பி கடகடவென்று ஆடினால் அடியில் புஷ் தேய்ந்திருக்கும், அதை மாற்றினால் போதும். ஆயில் ஜி.எல்.4 தரத்தில் கேட்டு வாங்கு. ஜி.எல்.5 என்றால் உள்ளே இருக்கும் பித்தளை வளையங்களை அரிக்கலாம். பழைய வண்டிக்கு எது இருந்தால் என்ன என்று கடைக்காரர் சொல்வார். கேட்காதே.

சட்டமும் உன் திட்டத்துக்கு எதிராகத்தான் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி அனுமதி இல்லாமல் இன்ஜினை மாற்ற முடியாது. விபத்து என்று வந்துவிட்டால் இன்ஷூரன்ஸ்காரன் முதலில் இன்ஜின் நம்பரைத்தான் தேடுவான். இன்னொன்று உனக்குத் தெரியுமோ என்னவோ, 2021-ல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய சொந்த வண்டியை விண்டேஜ் என்று பதியலாம், 10 வருஷத்துக்குச் செல்லும். பழைய மூன்றெழுத்து நம்பரும் உன்னோடே இருக்கும். ஆனால் சேஸிஸ், பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. உன் வண்டிக்கு 2027-ல் 50 ஆகிறது. அப்படிப் பதிந்தால் தினமும் ஓட்ட முடியாது, கண்காட்சி, ராலி என்றுதான் எடுக்கலாம். தினமும் போய்வரத்தான் சுமதியின் ஆட்டோமேட்டிக் கார் இருக்கிறதே.

தாத்தாவின் ஹெரால்டு கதையை மறுபடி எடுக்காதீர்கள் என்று சித்தி பக்கத்திலிருந்து சொல்கிறாள். எடுக்காமல் எப்படி? உன் தாத்தா பானெட்டை மட்கார்டோடு முன்னால் சாய்த்துவிட்டு, முன் டயர் மேல் உட்கார்ந்து டேப்பெட் சரிபார்ப்பார். அந்த வண்டியை அவர் போன அடுத்த வருஷமே, பார்ட்ஸ் கிடைக்கவில்லை என்று சொல்லி, உன் அப்பா புதுப்பேட்டையில் இரும்பு விலைக்குப் போட்டார். நான் அப்போது திருச்சியில் வேலையில் இருந்தேன். ஒரு கார்டு போட்டிருக்கலாம். பார்ட்ஸ் கிடைக்கவில்லை என்றால், தேடியது எத்தனை நாள்? அண்ணனிடம் இதைக் கேட்டேன். பதில் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். நீ இன்ஜினைக் கழற்றப் போகிறாய் என்று கேட்டதும் ராத்திரி தூக்கம் வரவில்லை. உன் அப்பாவின் அவசரம் உனக்கும் வந்துவிடக் கூடாது.

காரை விடு, எனக்கு உன்னைப் பற்றித்தான் கவலை. அந்த டிரம் பிரேக் 948 சிசிக்குக் கணக்குப் பார்த்துப் போட்டது. அதைவிட வேகமான இன்ஜினை ஏற்றிக்கொண்டு, பெல்ட்கூட இல்லாத வண்டியில் குழந்தையை உட்கார வைத்து, தொப்பூர் இறக்கத்தில் அண்ணியைப் பார்க்க நீ போவதை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. நீ எதை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் முன் சக்கரத்தின் ட்ரன்னியனைக் கழற்றிப் பார். கீழே இருக்கும் பித்தளைத் துண்டு அது, உள்ளே மரை. அதற்குக் கிரீஸ் அடிக்கக் கூடாது, கியர் ஆயில்தான் விட வேண்டும். எண்ணெய் போகாமல் மரை முறிந்தால் ஓடும்போதே சக்கரம் மடங்கிவிடும். இதை இந்த வாரமே பார்த்துவிடு. அதுவரை வண்டியை ஹைவேயில் எடுக்காதே.

இன்ஜின் மாற்ற ஒதுக்கிய பணத்தில் பிரேக், ட்ரன்னியன், தரைத் தகடு மூன்றையும் சரிசெய்துவிடலாம். மீதியை லோனில் கட்டு. குறைந்தால் என்னிடம் கேள். சுமதிக்கோ அண்ணிக்கோ தெரிய வேண்டாம்.

ரொம்ப அதட்டிவிட்டேனோ? நீ விவரமான பிள்ளை, சின்ன வயதிலிருந்தே கைவேலை தெரிந்தவன். நம் வீட்டில் பழைய வண்டியைத் தேடிப்போய் வாங்க நீ ஒருவன்தான் இருக்கிறாய், அதில் எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷம். வெள்ளை பெயின்ட் ரொம்ப அழகு, ஸ்டியரிங்கும் அழகு, எல்லாமே அழகு. குழந்தைக்கு என் முத்தம். பொங்கலுக்கு எல்லோரும் இங்கே வந்துவிடுங்கள், சித்தி அதிரசம் சுடுகிறாள். மெக்கானிக்கிடம் எதுவும் சொல்வதற்கு முன் எனக்கு ஒரு போன் போடு. ராத்திரி எத்தனை மணியானாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
உன் சித்தப்பா