கணினிவழி இயந்திர வடிவமைப்பில் அடிப்படைத் திறனறிதல்

இயந்திர உறுப்பொன்றை உலோகத்திற் செய்யுமுன் அதன் உருவத்தைக் கணினியில் முப்பரிமாணமாக அமைத்துப் பார்த்தல் இக்காலத்துப் பொறியறிஞர் வழக்கு. இக்கலையைக் கற்பார் பலர். கற்றாரெனச் சான்றளிப்பாரும் பலர். ஆயின், ஒருவன் இதன் அடிப்படையை உண்மையிற் கற்றான் என்பதை எங்ஙனம் அறிவது? திரையில் தோன்றும் உருவம் பிழையின்றிக் காணப்படுதல் ஒன்றே போதுமோ? இதனைச் சிறிது ஆராய்வாம்.

முதற்கண் இக்கலையின் இயல்பை உணர்தல் வேண்டும். 1963-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆய்வு மாணவராயிருந்த ஐவன் சதர்லாந்து என்பார், 'ஸ்கெட்ச்பேட்' என்னும் நிரலை அமைத்து விளக்கினார். ஒளிப்பேனாவினால் திரையிற் கோடிட்டு, இவ்விரு கோடுகளும் இணையாதல் வேண்டும், இவை செங்குத்தாதல் வேண்டும் என்று வரைவோன் விதித்தால், கணினி அவ்விதியைக் காத்து நின்றது. பின்னர் 1988-இல் புரோ-எஞ்சினியரும், 1995-இல் சாலிட்வொர்க்ஸும் வெளிவந்தன. இவற்றில் அமையும் திண்ம உருவம், அளவுகளும் அவற்றிடையேயுள்ள உறவுகளும் சேர்ந்த ஒரு கட்டாகும். ஓரளவு மாறின் ஏனையவை உறவுக்கேற்ப மாறும்.

தமிழ் பயில்வார்க்கு இஃது எளிதில் விளங்கும். ஒரு பதத்தைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் எனப் பகுத்தறிந்தவன், பகுதி வேறாய வழியும் விதிப்படி புதுப்பதம் அமைக்க வல்லவனாவான். முடிந்த பதங்களை மட்டும் மனனம் செய்தவனோ, பயிலாத பதம் வந்தவிடத்துத் திகைப்பான். உருவம் அமைப்பாரிடத்தும் இவ்விரு திறத்தார் உளர்.

இனி, சோதித்தற்குரிய திறன்களுள் முதலாவது வரைபடத்தைப் படித்தறிதலாம். நம் நாட்டில் முதற்கோண முறையும், அமெரிக்காவில் மூன்றாங்கோண முறையும் வழங்குகின்றன. முன்னதில் மேற்றோற்றம் முகப்புத் தோற்றத்தின் கீழும், பின்னதில் அதன் மேலும் வரையப்படும். பக்கத் தோற்றங்களும் அவ்வாறே இடம் மாறும். இன்ன முறை என்பதனைத் தாளிற் பொறித்த வெட்டுக்கூம்புக் குறி காட்டும். அக்குறியை நோக்காதான், கண்ணாடியிற் கண்டாற்போல இடம் வலமாய உருவத்தை அமைத்துவிடக்கூடும். அலகினையும் நோக்குதல் வேண்டும். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டராதலின், மில்லிமீட்டர் அளவுகளை அங்குலமாகக் கொண்டவன் உருவத்தின் கனஅளவு 16,387 மடங்கு பெருகிவிடும்.

இரண்டாவது திறன் உருவத்தை நோக்கத்தோடு அமைத்தல். இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். நீளம் 100, அகலம் 60, கனம் 20 மில்லிமீட்டர் கொண்ட அலுமினியத் தகடு ஒன்று. அதன் நடுவே 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை ஊடுருவிச் செல்கின்றது. தகட்டின் கனஅளவு 1,20,000 கன மில்லிமீட்டர், துளைக்குக் கழிப்பது ஏறத்தாழ 6,283, எஞ்சுவது 1,13,717. அலுமினியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம் எனக் கொண்டால், நிறை 307.04 கிராம்.

மாணவர் மூவர் இதனை அமைக்கின்றனர் என்க. முதல்வன், துளையைத் தகட்டின் நடுவொடு பிணித்து, முழுதும் ஊடுருவுக என்று விதித்தான். இரண்டாமவன் அதனை நடுவிலேயே அமைத்தும், ஆழம் 20 என எண்ணாற் குறித்தான். மூன்றாமவன் ஊடுருவும் துளையே அமைத்தான். எனினும் அதன் இடத்தை இடவோரத்தினின்று 50 மில்லிமீட்டர் என்று குறித்தான். மூவர் திரையிலும் உருவம் ஒன்றே, நிறையும் ஒன்றே. இத்துடன் தேர்வு முடியுமாயின் மூவரும் ஒரே மதிப்பெண் பெறுவர்.

இப்பொழுது கனத்தை 30 ஆக்குக என்று தேர்வாளர் பணிக்கின்றார். முதல்வனும் மூன்றாமவனும் 460.55 கிராம் என்று விடை கூறுவர். இரண்டாமவன் துளை பாதியில் நின்றமையால் அவனுக்கு 469.04 கிராம் கிடைக்கும். அடுத்து நீளத்தை 120 ஆக்குக என்கின்றார். முதல்வனுக்கும் மூன்றாமவனுக்கும் நிறை 557.75 கிராமே. ஆயினும் நிறைமையம் யாதென வினவின், முதல்வன் இடவோரத்தினின்று 60 மில்லிமீட்டர் என்பான். துளை நடுவினின்று விலகியமையால் மூன்றாமவன் 60.46 என்பான். நிறை காட்டாத பிழையை நிறைமையம் காட்டிற்று. மேலே கூறிய இடவல மாற்றத்தையும் நிறை காட்டாது. நிறைமையமே பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும்.

இக்காரணம் பற்றியே சாலிட்வொர்க்ஸ் நிறுவனத்தாரின் தொடக்கநிலைச் சான்றிதழ்த் தேர்வில், உறுப்பை அமைத்து நிறை கூறுமாறு வினவிய பின்னர், அளவுகளை மாற்றி மீண்டும் வினவும் முறை கையாளப்படுகின்றது.

மூன்றாவது திறன் உறுப்புகளை இணைத்தல். கட்டற்ற திண்பொருளுக்கு ஆறு வகை இயக்கங்கள் உண்டு: மூன்று திசைகளிற் பெயர்தல், மூன்று அச்சுகளிற் சுழலுதல். ஓர் ஊசியின் அச்சைத் துளையின் அச்சோடு ஒன்றுபடுத்தினால் நான்கு ஒழிந்து, சறுக்குதலும் சுழலுதலும் எஞ்சும். ஊசியின் தலையைத் தகட்டின் முகத்தோடு பொருத்தினால் சுழற்சி ஒன்றே நிற்கும். கதவின் கீல் அத்தகையது. வேண்டிய இயக்கத்தை விடுத்து ஏனையவற்றைக் கட்டத் தெரிந்தானோ என்பதே ஈண்டுத் தேரப்படுவது.

நிற்க. எண்ணால் விடை கேட்கும் தேர்வுக்கும் ஒரு குறை உண்டு. அளவு மாறுந்தோறும் பழைய உருவத்தை அழித்துப் புதிதாக வரைபவனும் சரியான எண்ணைக் கூறிவிடலாம். ஆதலின் ஆசிரியர் விடையை மட்டும் நோக்காது, உருவம் எவ்வரிசையில் அமைந்தது என்று காட்டும் படிநிலைப் பட்டியலையும் திறந்து பார்த்தல் நலம். முன்னரே வெளியான வினாக்களின் விடைகளை மனனம் செய்து சான்றிதழ் பெறுவார்க்கும் இதுவே தடையாம். அங்ஙனம் பெற்ற சான்றிதழை நம்பி ஒருவனுக்குத் தொழில் கொடுத்தால், பிழை திரையோடு நில்லாது. பட்டறையிலே உலோகம் வீணாகும். கடைசற் பொறியருகே நின்று உழைத்தவனது ஒருநாட் பாடும் வீணாகும்.

மணலின்மேல் ஒருவனும் கன்மலையின்மேல் ஒருவனும் வீடு கட்டிய கதையை நாம் சிறு பருவந்தொட்டுக் கேட்டிருக்கின்றோம். மழை பெய்து வெள்ளம் வருமளவும் இரண்டும் வீடுகளாகவே நின்றன. வடிவமைப்பாளனுக்கு அளவு மாற்றமே அவ்வெள்ளம். வெள்ளம் வாராத தேர்வு வீட்டின் வண்ணத்தைச் சோதிக்குமேயன்றி அடித்தளத்தைச் சோதியாது. ஆகவே, இக்கலை பயிலும் நண்பர்கள் ஓர் உருவத்தை முடித்தவுடன் அமைதியுறாது, அதன் அளவொன்றைத் தாமே மாற்றிப் பார்ப்பாராக. பிறர் சோதிக்குமுன் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ளுதற்கு இதனினும் எளிய வழி இல்லை.