தோட்டம் அமைக்கும் தொழிலும் பெறவேண்டிய அனுமதிகளும்

ஐதராபாத்தின் 158 கிலோமீட்டர் புறவட்டச் சாலையை ஒட்டி வளர்க்கப்பட்ட பசுமை வளையம், 2022-ஆம் ஆண்டு தென்கொரியாவின் ஜேஜு நகரில் உலகப் பசுமை நகர விருதைப் பெற்றது. அந்நகரில் அடுக்குமாடி வளாகங்களிலும் நிறுவன முற்றங்களிலும் தோட்டம் அமைத்துத் தரும் தொழில் இன்று பலருக்கு வாழ்வளிக்கிறது. இத்தொழிலில் இறங்குவோர் வங்கியில் முதலில் கேட்பது கடன். நாம் முதலில் கேட்பது உரிமம்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இத்தொழிலுக்கென்றே ‘சி-27’ என்னும் தனி உரிமம் உண்டு. நம் நாட்டில் அத்தகைய ஒற்றை உரிமம் இல்லை. செய்யும் வேலைக்கேற்ப வெவ்வேறு அலுவலகங்களை அணுக வேண்டும். அவற்றை மூவகையாகப் பகுத்துக் காண்போம்.

1. தொழிலுக்குரியவை: அலுவலகம் அல்லது கிடங்கு வைத்து நடத்துவோருக்கு மாநகராட்சியின் வணிக உரிமம் தேவை, அதனை உரிய காலத்தில் புதுப்பிக்கவும் வேண்டும். தெலங்கானாவில் சேவை வழங்குவோரின் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைக் கடந்தால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். உத்யம் பதிவு கட்டணமற்றது. கடன் பெறவும் உதவும். ஆயினும் அது வணிக உரிமத்திற்கு ஈடாகாது.

2. பணியாளருக்குரியவை: பத்துப் பேர் பணிபுரிந்தால் இ.எஸ்.ஐ., இருபது பேர் எனில் வருங்கால வைப்பு நிதி ஆகிய கடமைகள் எழும்.

3. பணியிடத்திற்குரியவை: நீர், நிலம், மரங்கள் பற்றிய 2002-ஆம் ஆண்டுச் சட்டம் தெலங்கானாவில் நடைமுறையில் உள்ளது. அதன்படி மரத்தை வெட்டுவதற்கும் ஆழ்துளைக் கிணறு தோண்டுவதற்கும் முன் அனுமதி வேண்டும். ‘வீட்டு உரிமையாளர் வெட்டச் சொன்னார்’ என்பது அனுமதியாகாது. பூச்சிக் கட்டுப்பாட்டைத் தொழிலாகச் செய்வோருக்கு 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ்த் தனி உரிமம் தேவை.

இவற்றுள் ஒன்று விடுபட்டாலும் இழப்பு எவ்வாறு நேரும்? சான்றாக, 20 லட்சம் ரூபாய் ஒப்பந்தத்திற்கு 5 விழுக்காடு, அதாவது ஒரு லட்சம் ரூபாய், வங்கி உத்தரவாதம் அளித்திருப்பதாகக் கொள்வோம். மரம் அகற்ற அனுமதி கிடைக்காமல் பணி தவணை கடந்துவிடுகிறது. பணி அளித்தவர் உத்தரவாதத் தொகையைக் கோருகிறார். நிபந்தனையற்ற உத்தரவாதமாயின், யார்மீது தவறு என்று ஆராயாமல் வங்கி அத்தொகையைச் செலுத்தியாக வேண்டும். பின்னர் அது வாடிக்கையாளரின் வைப்புத்தொகையிலிருந்தோ கடன் கணக்கிலிருந்தோ ஈடுசெய்யப்படும். உழைத்து ஈட்டிய இலாபம் அவ்வழியே கரைந்துபோகும்.

எனவே ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் இரண்டு வரிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த அனுமதியை யார் பெறுவது என்பது ஒன்று. பணிக்காலம் அனுமதி கிடைத்த நாளிலிருந்தே கணக்கிடப்படும் என்பது மற்றொன்று. உரிமங்களின் நகல்களை ஒரே கோப்பில் வைத்து, புதுப்பிக்கும் நாள்களையும் அதன் முகப்பில் குறித்து வையுங்கள். அக்கோப்புடன் வரும் விண்ணப்பத்தைப் பரிசீலிப்பது எங்களுக்கும் எளிது.