திருகத் திருகக் கழலும் குமிழ்

கேள்வி: ஐயா, அம்பத்தூர் ஓ.டி. பக்கம் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். மாடுலர் கிச்சன் போட்டு மூன்று வருடம் ஆகிறது. கதவுகளில் எல்லாம் ஒற்றை ஸ்க்ரூவில் நிற்கும் உருண்டைக் குமிழ்கள். இழுத்தால் கையோடு சுற்றுகின்றன. திருகி இறுக்கினால் இரண்டு நாள்தான் தாங்குகிறது. வேலைக்கு வந்த தம்பி இரண்டு குமிழ்களில் ஃபெவிக்விக் விட்டுப் போனார். அதில் ஒன்று, மைக்காவையும் பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டது. சிங்க்குக்குக் கீழே உள்ள கதவுதான் ரொம்ப மோசம். எல்லாவற்றையும் மாற்றித்தான் ஆக வேண்டுமா?

– ஒரு வாசகி, அம்பத்தூர்

பதில்: வேண்டாம். பெரும்பாலும் சில வாஷர்களோடு வேலை முடிந்துவிடும். ஃபெவிக்விக்கை மட்டும் இனி அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். காய்ந்ததும் விறைத்துப்போகும் பசை அது. தினமும் இழுபடும் இடத்தில் ஒருநாள் விரிசல் விடும், அல்லது ஒட்டிய மைக்காவையே உரித்துக்கொண்டு வரும்.

குமிழை முன்பக்கமிருந்து திருகுவதாலும் பயனில்லை. கதவைத் திறந்து, ஒரு கையால் குமிழை அசையாமல் பிடித்துக்கொண்டு, பின்னால் இருக்கும் ஸ்க்ரூவை ஸ்க்ரூ டிரைவரால் இறுக்குங்கள். என்ன கோளாறு என்பது அப்போதே கைக்குத் தெரிந்துவிடும்.

ஸ்க்ரூ முட்டி நின்றுவிட்டது, குமிழ் இன்னும் லொடலொடவென்று ஆடுகிறதா? ஸ்க்ரூ நீளம் அதிகம். கதவு 18 மி.மீ. பிளைவுட், இருபுறமும் மைக்கா என்றால் மொத்தம் 20 மி.மீ. அளவில் வரும். கடையில் தரும் ஸ்க்ரூ பெரும்பாலும் 25 மி.மீ. மீதி 5 மி.மீ. குமிழுக்குள் போக வேண்டும். குமிழின் துளை அந்த அளவு ஆழமில்லை என்றால், கதவைப் பிடிப்பதற்கு முன்பே ஸ்க்ரூவின் நுனி உள்ளே அடியில் முட்டிவிடும். பின்பக்கம் ஒன்றிரண்டு வாஷர் போட்டால் போதும்.

ஸ்க்ரூ தலை பலகைக்குள் புதைந்துகொண்டே போகிறது என்றால், துளையைப் பெரிதாகப் போட்டுவிட்டார்கள், அல்லது பலகை நொறுங்கியிருக்கிறது. 4 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 12 மி.மீ. அகலமுள்ள பெரிய வாஷர் கேட்டு வாங்கிப் போடுங்கள். பி.வி.சி. கதவாக இருந்தால் உள்ளே வெற்றறைதான். முரட்டுத்தனமாக முறுக்கினால் தாள் அமுங்கிவிடும். அதற்கு முன்னும் பின்னும் வாஷர் வேண்டும். எவ்வளவு திருகினாலும் பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் மரை தேய்ந்துவிட்டது. அந்த ஒரு குமிழை மட்டும் மாற்றுங்கள்.

இறுக்கியது ஏன் மறுபடி கழல்கிறது? இந்த 4 மி.மீ. ஸ்க்ரூவில் ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி 0.7 மி.மீ. தான். குமிழ் அரைச்சுற்று திரும்பினாலே 0.35 மி.மீ. தளர்ந்துவிடும், பிடிப்பு போக அது போதும். நாம் குமிழை நேராக இழுப்பதும் இல்லை. எண்ணெய்க் கையோடு, பக்கவாட்டில், அவசரமாக இழுக்கிறோம். பக்கவாட்டு அசைவுதான் போல்ட்டை அதிகம் கழற்றுகிறது என்று 1969-இல் ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் சோதனை செய்து காட்டினார். ஸ்பிரிங் வாஷர் போடச் சொல்பவர்கள் உண்டு. இந்த மாதிரி அசைவுக்கு அது பெரிதாக உதவாது.

உதவுவது மரைப் பசை. 1964 முதல் உங்கள் ஊரில் இயங்கும் தொழிற்பேட்டையில் ‘லாக்டைட்’ என்றால் ஃபிட்டர்களுக்கு உடனே புரியும். நீல நிறத்தை வாங்குங்கள், பிறகு ஸ்க்ரூ டிரைவராலேயே கழற்றலாம். சிவப்பு வேண்டாம், அதைச் சூடுபடுத்தித்தான் கழற்ற வேண்டியிருக்கும். ஸ்க்ரூவில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் தின்னரில் துடைத்துவிட்டு, மரையில் ஒரே ஒரு சொட்டு விட்டு இறுக்கி, ஒருநாள் அந்தக் கதவைத் தொடாமல் விடுங்கள். உலோகக் குமிழுக்குத்தான் இது. பிளாஸ்டிக் குமிழில் இந்தப் பசை பட்டால் வெடிப்பு விடலாம். அதற்கு பிளம்பரின் டெஃப்லான் டேப் இரண்டு சுற்றுச் சுற்றினால் போதும்.

சிங்க்குக் கீழ்க் கதவு தனிக் கதை. கையை நனைத்த மேனிக்கு நாள் முழுக்கத் திறக்கும் கதவு அது. பார்ட்டிகிள் போர்டாக இருந்து, ஓரம் ஊறிப் பருத்திருந்தால் பழைய நிலைக்குத் திரும்பாது, ஸ்க்ரூவையும் பிடிக்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் தண்ணீர் புகுந்த வீடுகளில் கீழ்வரிசைக் கதவுகளுக்கும் இதே கதிதான். விரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று அமுங்கினால் குமிழுக்குச் செலவு செய்யாதீர்கள், கதவை மாற்றுங்கள், சிங்க் குழாயில் கசிவு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பலகை கெட்டியாக இருந்தால் அந்தக் கதவுக்கும், மைக்கா பெயர்ந்த கதவுக்கும் இரண்டு ஸ்க்ரூ உள்ள நீளக் கைப்பிடி போடச் சொல்லுங்கள். இரண்டு இடத்தில் பிடிப்பதால் அது சுற்றவே முடியாது. 96 மி.மீ. அளவு எங்கும் கிடைக்கும். அடிப்பகுதி கொஞ்சம் அகலமாக உள்ளதாகப் பார்த்து எடுத்தால் பெயர்ந்த இடமும் மறைந்துவிடும். பழைய துளையை ஒன்றாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து 96 மி.மீ. தள்ளி இன்னொரு துளை 5 மி.மீ. பிட்டில் போட வேண்டும். ட்ரில் போடும்போது கதவின் பின்னால் ஒரு மரத்துண்டை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் உள்பக்க மைக்காவும் தெறித்துவிடும்.