விலை பேசப் போகிற பிள்ளைகளுக்கு

பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். வீடு வாங்கக் கிளம்பும் பிள்ளைகள் என்னிடம் கேட்பதெல்லாம் விற்பவர் நம்பகமானவரா என்றுதான். வாங்குபவரை எப்படி நம்புவது என்று விற்பவரும் அதே பெஞ்சில் உட்கார்ந்து கேட்பார். இது அவருடைய கேள்விக்காக.

1. கையில் இருப்பதை எண்ணிவிட்டு வாயைத் திறங்கள். 60 லட்ச ரூபாய் வீட்டுக்கு வங்கி அதிகபட்சம் 80 சதவீதம், அதாவது 48 லட்சம் கொடுக்கும். உங்கள் சம்பளத்தைப் பார்த்து அதையும் குறைக்கலாம். மீதி 12 லட்சம் உங்களுடையது. தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். அது ஐந்தரை லட்சத்தை நெருங்கும். வங்கி அதைக் கணக்கில் சேர்க்காது. நகையை அடகு வைப்பதா, ஊர் நிலத்தை விற்பதா என்பதை அட்வான்ஸ் கொடுத்தபின் யோசிக்கிறவர்களால்தான் பாதி ஒப்பந்தங்கள் இழுபறி ஆகின்றன. 50 லட்சமோ அதற்கு மேலோ விலை என்றால் 1 சதவீதம் வருமான வரி பிடித்துத்தான் பணம் தரவேண்டும். அதை முதலிலேயே விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். கடைசி நாளில் சொன்னால் ஏமாற்றுவதாக நினைப்பார்.

2. மூன்று வீட்டுக்கு டோக்கன் போட்டுவிட்டு எது படிகிறதென்று பார்க்காதீர்கள். பத்தாயிரம் போனால் போகட்டும் என்பது உங்கள் கணக்கு. அந்தப் பத்தாயிரத்தை நம்பி விற்பவர் வேறு ஆளைத் திருப்பி அனுப்பியிருப்பார், மகளுக்கு மண்டபம் பேசியிருப்பார்.

3. வாஸ்து பார்ப்பதானால் டோக்கனுக்கு முன்னால் பாருங்கள். பணம் கட்டியபிறகு அக்னி மூலை இடம் மாறாது.

4. தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா நகல்களை வாங்கி வக்கீலிடம் காட்டுங்கள். பூர்வீக வீடென்றால் கல்யாணமாகிப் போன அக்கா தங்கைகளும் கையெழுத்துப் போடுவார்களா என்று கேளுங்கள். அவ்வளவு பொறுக்க முடியாத அவசரமென்றால், வில்லங்கம் இருந்தாலோ கடன் கிடைக்காவிட்டாலோ பணம் திரும்ப வரும் என்று டோக்கன் ரசீதிலேயே எழுதிக்கொள்ளுங்கள். எழுதாமல் விட்டுவிட்டு, பிறகு மனம் மாறியதற்கு வக்கீல் மேல் பழிபோடுகிற வழக்கம் நம்மூரில் நிறைய. எனக்கு அது பிடிக்காது.

5. கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். 2012 டிசம்பர் 1 முதல் இங்கே அது கட்டாயம். முன்பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் அதே தொகை விற்பவருக்கு அபராதமாக வரலாம்.

6. கெடுவை மதியுங்கள். மதுரையில் ஒரு வீட்டுக்கு 1978 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டார்கள். விலை 60,000, முன்பணம் 5,000, கெடு ஆறு மாதம். வாங்கவேண்டியவர் பாக்கியைக் கட்டாமல் இரண்டரை வருஷம் சும்மா இருந்துவிட்டு, 1981 ஜூலையில் நோட்டீஸ் அனுப்பினார். அதற்குள் ஊரில் வீட்டு விலை எங்கேயோ போய்விட்டது. உச்ச நீதிமன்றம் 1997இல் அவருக்கு வீடு கிடையாது என்றுவிட்டது. வழக்குப் போட மூன்று வருஷம் அவகாசம் உண்டே என்று அதுவரை தூங்கலாம் என நினைப்பவர்கள் இந்தத் தீர்ப்பைப் படிக்கவேண்டும். ஒப்பந்தப்படி வாங்க ஆரம்பம் முதலே விருப்பமும் இருந்தது, பணத்துக்கு வழியும் இருந்தது என்று காட்டுவது வாங்குபவர் பொறுப்பு. வங்கிக் கணக்குப் புத்தகமும் கடன் அனுமதிக் கடிதமும் அங்கேதான் பேசும். தாமதம் ஆகுமென்று தெரிந்தால் கெடு முடியுமுன் போய்ச் சொல்லி, நீட்டிப்பை எழுத்தில் வாங்குங்கள். போனில் ‘சரிங்க’ என்றது போதாது.

7. பின்வாங்கவே நேர்ந்தால் தெரிந்த அன்றே விற்பவரிடம் நேரில் சொல்லுங்கள், புரோக்கரை அனுப்பாதீர்கள். முன்பணத்தில் எவ்வளவு அவர் பிடித்துக்கொள்வார் என்பது ஒப்பந்தத்தில் இருக்கவேண்டும், அதற்குமேல் பேரம் வேண்டாம். முக்கியமாக, பதிவான ஒப்பந்தம் அவருடைய வில்லங்கச் சான்றில் ஏறியிருக்கும். அது நிற்கும்வரை அடுத்தவர் வாங்கத் தயங்குவார். பணத் தகராறு மிச்சம் இருந்தால் அதை அவரிடமே பேசித் தீர்த்துக்கொண்டு, சார்பதிவாளர் அலுவலகத்துக்கு ஒரு நாள் லீவு போட்டுப் போய் ரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள்.