உழைப்பும் மூச்சும்

"நாளெல்லாம் நிலத்தில் பாடுபடுகிறவனுக்குத் தேகப்பயிற்சி எதற்கு?" என்று கிராமங்களில் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. மண்வெட்டி பிடிப்பதும், நாற்று முடி சுமப்பதும் பயிற்சிதான். ஆனால் அவ்வாறு உழைக்கும்போது நம் சுவாசத்துக்கு என்ன நேருகிறது என்பதை அறிந்தவர் சிலரே. அதை அறிந்தால், வேலை செய்யும் இடத்தின் காற்றைப் பற்றிப் பஞ்சாயத்து ஏன் கவலைப்பட வேண்டும் என்பதும் விளங்கும்.

சும்மா அமர்ந்திருப்பவர் நிமிஷத்துக்குச் சுமார் 12 முதல் 16 தடவை மூச்சு விடுகிறார். ஒவ்வொரு மூச்சும் ஏறக்குறைய அரை லிட்டர். ஆக நிமிஷத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றுப் போதும். அவரே கடுமையாக உழைக்கும்போது 40 தடவைக்கு மேலும் மூச்சு வாங்குகிறார். ஒவ்வொரு மூச்சும் 2 லிட்டர் அளவுக்குப் பெருகுகிறது. அப்போது நிமிஷத்துக்கு 80 லிட்டர், அதாவது பத்து மடங்கு காற்று நுரையீரலுக்குள் சென்று வருகிறது.

உள்ளே செல்லும் காற்றில் நூற்றுக்கு 21 பங்கு பிராண வாயு. வெளிவரும் மூச்சில் அது 16 அல்லது 17 பங்காகக் குறைகிறது. கரியமில வாயுவோ 4 பங்கு அளவுக்கு ஏறுகிறது. உழைக்கும் தசைகள் பிராண வாயுவைச் செலவிட்டுக் கரியமில வாயுவை இரத்தத்தில் தள்ளுகின்றன. பிராண வாயு குறைவதால்தான் மூச்சு வாங்குகிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில், நல்ல தேகநிலையில் உள்ளவருக்கு மூச்சை முடுக்குவது பெரும்பாலும் கரியமில வாயுவே. மூளையின் அடியிலுள்ள முகுளம் அதன் மிகுதியை உணர்ந்து சுவாசத் தசைகளுக்குக் கட்டளையிடுகிறது. வேலை தொடங்கிய கணத்திலேயே கைகால்களிலிருந்து செல்லும் நரம்புச் செய்திகளும் மூச்சை விரைவுபடுத்துகின்றன.

நம் சடுகுடு ஆட்டம் இதற்கு நல்ல சான்று. பாடிச் செல்பவர் பாடும் வரை மூச்சை வெளிவிடலாமேயன்றி உள்ளே இழுக்க முடியாது. இக்காலப் போட்டிகளில் இதற்கு 30 வினாடி எல்லை உண்டு. கோட்டுக்குத் திரும்பியவர் இரைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அடக்கி வைத்த கரியமில வாயுவை வெளியேற்றும் முயற்சி அது. இளைஞர்களுக்கு ஆடுகளம் அமைத்துக் கொடுக்கும் பஞ்சாயத்து வீண் செலவு செய்வதாக எவரும் கருத வேண்டியதில்லை.

பயிற்சியால் நுரையீரலே பெரிதாகிவிடும் என்பது பரவலான எண்ணம். வளர்ந்தவருக்கு அதன் கொள்ளளவு அவ்வளவாக மாறுவதில்லை. சுவாசத் தசைகள் உரம் பெறுகின்றன. இருதயம் ஒரு துடிப்பில் அதிக இரத்தத்தை அனுப்புகிறது. தசைகள் பிராண வாயுவைச் சிக்கனமாகப் பயன்படுத்தக் கற்கின்றன. எனவே பழகியவர் அதே வேலையைக் குறைந்த மூச்சில் முடிக்கிறார். முன்பு இலகுவாகத் தூக்கிய மூட்டைக்கே ஒருவருக்கு இப்போது அதிகம் இரைக்குமானால், வயதின் மேல் பழி போடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்ல வேண்டும். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அங்கே சளிப் பரிசோதனை இலவசம்.

இனிக் காற்றின் தூய்மை. பத்து மடங்கு காற்று எனில், காற்றிலுள்ள தூசியும் பத்து மடங்கு. மேலும் கடும் உழைப்பில் நாம் வாயால் மூச்சு வாங்குகிறோம். தூசியை வடிகட்டும் மூக்கு அப்போது பயன்படுவதில்லை. ஆகையால் கதிரடிக்கும் களத்தில் காற்று வரும் பக்கமாக நின்று, சுணையும் தூசும் புகாதபடி மூக்கையும் வாயையும் மூடிக்கட்டுவது நல்லது. பூச்சி மருந்து தெளிப்பவருக்கு வெறும் துண்டு போதாது. அதற்கென்றுள்ள முகமூடி வேண்டும். புகை சூழ்ந்த அடுப்படியில் குனிந்து நிமிர்ந்து வேலை செய்யும் பெண்களுக்கும் இதே கணக்குத்தான்.

எல்லாவற்றிலும் கொடியது பாழ்கிணறு. இலைதழை மக்கி எழும் கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கிவிடும். தூர் வார இறங்கியவர் மயங்கி விழுகிறார். அவரைக் காக்க ஓடி வருபவர் ஏற்கெனவே இரைத்துக்கொண்டிருப்பார். அந்த நிலையில் குதித்தால் நச்சுக் காற்றை முதல் மூச்சிலிருந்தே மிகுதியாக உள்வாங்குவார். ஒருவருக்காக இருவர், மூவர் மாள்வது இவ்வாறே. விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கத்தையும் நம்பலாகாது. விளக்கை அணைக்காத நச்சு வாயுக்கள் உண்டு. தீப்பற்றும் வாயுவும் உண்டு. எவரையும் இறங்கவிடாமல் உடனே 101-க்கும் 108-க்கும் தொலைபேசியில் சொல்ல வேண்டும். தங்கள் எல்லையிலுள்ள பாழ்கிணறுகளைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் இந்தக் கோடைக்குள் கணக்கெடுத்து, மூடி போட்டு, இந்த இரண்டு எண்களையும் கைப்பிடிச் சுவரில் பெரிதாக எழுதி வைக்கலாம்.