கழுத்தில் ஒரு கேமரா

அமெரிக்காவில் சிகாகோ என்ற நகரம் உள்ளது. விவியன் மேயர் என்ற பெண் அங்கே வாழ்ந்தார். பிறர் வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக் கொள்வது அவர் வேலை.

கழுத்தில் கேமராவை மாட்டிக் கொண்டு தெருத் தெருவாக நடப்பார். குழந்தைகளையும் அழைத்துப் போவார். விளையாடும் சிறுவர்கள், உழைப்பாளிகள், முதியவர்கள் எனப் பலரையும் படம் எடுத்தார். ஒரு லட்சத்துக்கும் மேல் படங்கள்! பல பிலிம்களை அவர் கழுவவே இல்லை.

அந்தப் படங்கள் ஒரு கிடங்கில் இருந்தன. வாடகை பாக்கிக்காக 2007இல் ஏலம் போயின. 2009இல் அவர் இறந்தார். பிறகுதான் உலகம் படங்களைப் பார்த்து வியந்தது.

நாமும் தினமும் நடக்கிறோம். வேலியில் பூ, திண்ணையில் தாத்தாவின் சிரிப்பு. நின்று பார்க்கக் காசு வேண்டாம்.

இன்று வழியில் எதைப் பார்த்து மகிழ்ந்தீர்கள்? எழுதுங்கள்.