சான்றுக்கு முன்னால் சந்தை

இரண்டு ஏக்கரில் கருப்புக் கவுனி நட்டு, அறுத்துக் களம் சேர்த்த பிறகு, "எந்த அங்ககச் சான்று வாங்கலாம்?" என்று விசாரிக்கிறவர்கள் நிறையப் பேர். நெல்லை யார் வாங்கப்போகிறார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். சான்றை அதுவே சொல்லிவிடும்.

ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாயைத் தாண்டாமல், சாப்பிடுகிறவருக்கே நேரில் விற்பவரா நீங்கள்? சான்று கட்டாயமில்லை, ஆனால் பையில் அங்கக உணவுக்கான 'ஜைவிக் பாரத்' முத்திரை போடக் கூடாது. உள்நாட்டுக் கடைகளுக்குக் கொடுப்பதென்றால் பி.ஜி.எஸ். போதும். குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் வயலை மற்றவர் பார்த்து உறுதி சொல்லும் முறை இது. செலவு குறைவு. ஏற்றுமதிக்கு இது செல்லாது. 2001இல் வந்த தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தின் சான்று வேண்டும். கோவையில் இயங்கும் தமிழ்நாடு அங்ககச் சான்றளிப்புத் துறையிடம் அதற்கு விண்ணப்பிக்கலாம்.

இந்தத் திட்டத்தில் ஓராண்டுப் பயிருக்கு மாறுதல் காலம் 2 ஆண்டு, தென்னை, மா போன்றவற்றுக்கு 3 ஆண்டு. பலர் கைவிடுவது இந்த இடைவெளியில்தான். மகசூல் இறங்கலாம், முழு அங்ககச் சான்றும் கையில் இருக்காது. கடன் வாங்கி முழு நிலத்தையும் ஒரே பட்டத்தில் மாற்றாதீர்கள். தனித்து நிற்கும் ஒரு பகுதியில் தொடங்குங்கள். அங்கே போட்ட ரகத்தையே பக்கத்து வயலில் ரசாயன உரம் போட்டு வளர்க்க வேண்டாம். எது எதிலிருந்து வந்தது என்று நிரூபிக்க முடியாது.

வரப்பையும் பாருங்கள். டெல்டாவில் வயலுக்கு வயல் தண்ணீர் பாயும். பக்கத்துக்காரர் போட்ட யூரியாவும் கூடவே வரும். தனி வாய்க்காலும் கரையோர உயிர்வேலியும் அமையாத நிலத்துக்கு விண்ணப்பக் கட்டணம் கட்டுவது வீண். இரவல் வாங்கிய தெளிப்பான் வேண்டவே வேண்டாம், அதில் பழைய மருந்து ஒட்டியிருக்கும். பஞ்சகவ்யம் தெளித்த நாள், விதை வாங்கிய ரசீது எல்லாம் அன்றன்றே நோட்டில் ஏறட்டும். ஆய்வாளர் முதலில் கேட்பது அந்த நோட்டைத்தான்.

நிறுவனம் ஒன்று "சான்றுச் செலவு எங்களுடையது" என்று குழுவில் சேர்க்க வந்தால் நிதானியுங்கள். குழுச் சான்று தனி விவசாயி பெயரில் இருக்காது. விலகி வேறு வியாபாரிக்கு விற்கப் போனால் அது கூட வராது. சான்று யார் பெயரில், விலை எப்படி நிர்ணயம், பணம் எத்தனை நாளில் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.